காலையில் வந்தவன்

உள்ளே வாங்க தம்பி. செருப்பைக் கழற்ற வேண்டாம், இது கோயில் இல்லை, சர்வே ஆபீஸ். சூப்பரின்டென்ட் கோமதிநாயகம் நான்தான். மதுரையில இருந்து மெஷின் பார்க்க ஆள் வருதுன்னு சொன்னாங்க. காலை பத்து மணிக்கு வாசலைப் பார்க்க ஆரம்பிச்சேன். இப்ப மணி ரெண்டரை. பரவாயில்லை, உங்களுக்கு எவன் சிவப்புக் கோடு போடப் போறான்?

அந்தா தொங்குது பாருங்க உங்க மெஷினு. முன்னே அந்த இடத்துல காந்தி படம் இருந்துச்சு. அதைக் கழற்றி பீரோ மேல சாத்தி வச்சுட்டு இதை மாட்டினாங்க. ஆணி என்னமோ பழைய ஆணிதான்.

நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க, நான் பேசிக்கிட்டிருக்கேன். ஆனா ஒண்ணு, மூணு நாப்பதுக்குள்ள முடிச்சிருங்க. மூணு அம்பதுக்கு எனக்கு ஒரு பஸ் இருக்கு. அதை விட்டா ஜன்னலோரம் சீட்டு கிடைக்காது. முப்பத்தொரு வருஷமா அதே பஸ். ஓட்டின டிரைவர் மூணு பேர் ரிட்டயர் ஆயிட்டாங்க. நாலாவது ஆள் நான், இந்த முப்பதாந்தேதி. இன்னிக்குத் தேதி இருபத்தாறு.

அதுலதான் மண் விழுந்திருக்கு.

என்ன மண்ணா? உங்க கம்பெனியில ஒண்ணுமே சொல்லி அனுப்பலையா? சரி, விவரமா கேளுங்க. இந்த ஆபீஸ்ல வருகைப் பதிவேடுன்னு ஒண்ணு இருந்துச்சு. நீள நோட்டு, காலிகோ அட்டை. அது என் மேசை மேல இருக்கும். பத்து மணிக்கு ஆபீஸ். பத்து நிமிஷம் சலுகை. பத்து பத்துக்கு இந்தப் பையில இருந்து சிவப்புப் பேனா வெளியே வரும். கையெழுத்து இல்லாத கட்டம் எதுவோ, அதுல ஒரு கோடு. மூணு கோடு விழுந்தா ஒரு நாள் விடுப்பு காலி. பத்து பதினொண்ணுக்கு எங்க அப்பாவே மேலேருந்து இறங்கி வந்திருந்தாலும் கோடுதான். பெரிய வெள்ளம் வந்துச்சே, அன்னிக்கு இடுப்பளவு தண்ணியில வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்தேன் தம்பி. வாட்ச்மேன் கதவைத் திறந்தான். நான் மட்டும்தான். பத்து பத்துக்குப் பேனாவை எடுத்தேன். மீதி பதினாலு பேருக்கும் வரிசையா கோடு! பாதிப் பேர் வீடே இல்லாம பள்ளிக்கூடத்துல தங்கியிருந்தாங்களாம். இருக்கட்டும். வீடு போனா ஒழுக்கமும் போயிருமா?

அப்பேர்ப்பட்ட எனக்கு மெமோ.

இந்தா, படிச்சுப் பாருங்க. "மேற்படி கண்காணிப்பாளர் திரு. கோமதிநாயகம் அக்டோபர் மாதத்தில் இருபது வேலை நாட்களில் பத்தொன்பது நாட்கள் தாமதமாக வந்துள்ளது இயந்திரப் பதிவின் மூலம் தெரியவருகிறது." தெரியவருகிறதாம்! "இதன் பேரில் ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது?" இந்த வாசகத்தை ஊருக்கே எழுதினவன் நான். ஒரு எழுத்து மாத்தாம எனக்கே வந்திருக்கு. இந்த மெமோவை முடிக்காம முப்பதாந்தேதி என்னைக் கௌரவமா வெளியே விட மாட்டாங்க. சால்வையும் கிடையாது, விடுவிப்பு உத்தரவும் கிடையாது. விசாரணை நிலுவைன்னு ஒரு வரி எழுதிக் கழுத்துல தொங்கவிட்டு அனுப்புவாங்க. முப்பத்தொரு வருஷம் ஒரு நாள், ஒரே ஒரு நாள், பத்து மணிக்கு மேல இந்த வாசல் நான் மிதிச்சதில்லை தம்பி!

இன்னொண்ணையும் கேளுங்க, வயிறு எரியும். அந்தப் பலகையைப் பாருங்க. போட்டோ தெரியுதா? முன் வழுக்கை, நரைச்ச மீசை. அவன்தான் இசக்கிமுத்து, பதிவறை எழுத்தர். பழைய புலப்படம், அளவுப் புத்தகம் எல்லாம் அவன் பொறுப்பு. கீழே என்ன எழுதியிருக்கு? "நேரம் தவறாமைக்கான பாராட்டு." எவனுக்கு? என் சிவப்புப் பேனா மையில பாதியைக் குடிச்சவனுக்கு! பன்னெண்டு வருஷமா அவன் பத்தரைக்கு முன்னாடி வந்ததை நான் பார்த்ததில்லை. அவன் கட்டம் முழுக்க என் கோடு, செம்மண் தேரி மாதிரி கிடக்கும்.

ஆமா, நீங்க கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை, அது தெரிஞ்ச கதைதான். என் முகம் அவன் பேர்ல ஏறியிருக்கு, அவன் முகம் என் பேர்ல ஏறியிருக்கு. ஒம்பது அம்பதுக்கு நான் போய் முகத்தைக் காட்டினா, இசக்கிமுத்து வந்துட்டான்னு எழுதிக்குது. பத்து முப்பத்தஞ்சுக்கு அவன் வேர்க்க விறுவிறுக்க வந்து காட்டினா, கோமதிநாயகம் லேட். அதுவாச்சும் பேரைச் சொல்லுதா? பச்சை லைட்டைக் காட்டும், "நன்றி"ன்னு ஒரு பொம்பளைக் குரல். ரெண்டு பேருக்கும் ஒரே நன்றி. ரெண்டு மாசம் அவனுக்காக நான் நேரத்துக்கு வந்திருக்கேன் தம்பி! எங்க அப்பாவுக்குத் திதி கொடுக்கக்கூட இவ்வளவு ஒழுங்கா நான் எழுந்திரிச்சதில்லை.

எப்படி மாறுச்சுன்னா கேக்குறீங்க? அதை உங்க கம்பெனியைக் கேளுங்க. முகம் பதிய ஒரு பையன் வந்தான். காதுல ரெண்டு பஞ்சு மாதிரி வச்சிருந்தான், கண்ணு மடிக்கணினியை விட்டு நிமிரலை. முதல்ல "இசக்கிமுத்து"ன்னான். நான் விடுவேனா? "ஏம்ப்பா, இந்த ஆபீஸ்ல முதல்ல யாரு?"ன்னு கேட்டு, எந்திரிச்ச இசக்கிமுத்தைத் தோளைப் பிடிச்சு நகர்த்திட்டு நான் போய் நாற்காலியில உக்காந்தேன். "சார், பேர் கூப்பிடுற வரிசையில வாங்க"ன்னான் பையன். "அகர வரிசை பள்ளிக்கூடத்துல. ஆபீஸ்ல பதவி வரிசை. எடுடா போட்டோவை"ன்னேன். கண்ணாடியைக் கழற்றுங்கன்னான், கழற்றினேன். இடது பக்கம் திரும்புங்கன்னான். கண்ணைச் சிமிட்டுங்கன்னான், அறுபது வயசுல ஒரு ஆம்பளைப் பையனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினேன். நான் எந்திரிச்சதும் "கோமதிநாயகம்"னான். "நான்தான் முடிச்சுட்டேனே, அடுத்த ஆளைப் பாரு"ன்னு சொல்லிட்டு இசக்கிமுத்தை உக்கார வச்சேன். முறைப்படி எல்லாம் நடத்திக் கொடுத்தது நான். அப்படியும் அந்த மெஷின் குழப்பியிருக்கு.

என்ன, சிரிக்கிறீங்க? சிரிப்புக்கு இதுல என்ன இருக்கு? பையன் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்திருந்தா இந்த வினை உண்டா? வேலை பார்க்கத் தெரியாதவன் கையில உலகத்தையே கொடுத்து வச்சிருக்காங்க.

எல்லாத்தையும் மாத்துறானுக தம்பி. காகிதமில்லா அலுவலகம்னு ஒரு உத்தரவு வந்துச்சு. அந்த உத்தரவை நாலு பிரதி எடுத்துக் கோப்புல வைக்கணும்னு அதுக்குக் கீழேயே போட்டிருந்தான். பாஸ்வேர்டை முப்பது நாளைக்கு ஒரு தடவை மாத்தணுமாம். பொண்டாட்டி பேர், மகன் பேர், குலதெய்வம் பேர், எல்லாம் தீர்ந்து போச்சு. கடைசியா பழைய ஆபீசர் ஒருத்தனைத் திட்டுற வார்த்தையை வச்சேன், அது மட்டும் மறக்க மாட்டேங்குது. வாட்ஸப்ல ஒரு குரூப். ஞாயித்துக்கிழமை சோத்துல கை வைக்கிற நேரம் "மிக மிக அவசரம்"னு ஒண்ணு வரும். கீழே பதினாலு பேர் கும்பிடுற கையைப் போட்டிருப்பான். வேலையை எவன் செஞ்சான்? எவனும் செய்யலை. கும்பிட்டாச்சுல்ல, முடிஞ்சது. முன்னெல்லாம் மனு கொடுக்கிறவன் வாசல்ல நின்னான், அவன் முகமாவது நமக்குத் தெரியும். இப்ப கம்ப்யூட்டருக்குள்ள நிக்கிறான். "உங்கள் மனு பரிசீலனையில் உள்ளது"ன்னு அதுவே அவனுக்குப் பதிலும் சொல்லிருது. பரிசீலிக்க வேண்டிய எனக்கே அந்தச் சேதி தெரியாது!

எங்க ஆபீசர் அம்மா இருக்காங்களே, வயசு முப்பது இருக்கும், என் மகளுக்கு இளையவங்க. நல்லவங்கதான். ஆனா மெஷின் சொன்னா வேதம். "மேடம், என் முகத்தைப் பாருங்க. இது லேட்டா வர்ற முகமா?"ன்னு கேட்டேன். "சார், நான் பார்த்து என்ன செய்ய? அது பார்க்கணும்ல?"ன்னாங்க. கேட்டுக்கோங்க, மனுஷன் முகத்தை மனுஷி பார்த்துப் பிரயோஜனம் இல்லையாம். "கம்பெனி ஆளை வரவழைச்சு, ரெண்டு பேரோட முழுப் பதிவையும் பிரிண்ட் எடுத்து, சம்பந்தப்பட்டவர் கைப்பட ஒரு கடிதமும் வச்சுக் கொடுங்க. மாலை ஆறு மணிக்கு வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுறேன்"னாங்க. அதான் நீங்க வந்திருக்கீங்க.

கடிதம் இருக்கு. இந்தப் பையிலதான் இருக்கு. நேத்து இசக்கிமுத்தே கொண்டாந்து கொடுத்துட்டான். மெமோ வந்த அன்னிக்கு அதை வாங்கிப் பார்த்தவன், "அய்யா, பத்து முப்பத்திரண்டு, பத்து முப்பத்தஞ்சு... இது எல்லாம் என் பஸ் டைம் ஆச்சே"ன்னான். அவன்தான் கண்டுபிடிச்சான்னு வச்சுக்கோங்க. கையும் களவுமா மாட்டினவன் என்ன செய்வான்? பயந்து எழுதிக் கொடுத்துட்டான். பத்தொம்பது லேட்டும் அவன் தலையில ஏறும். ஆறு நாள் விடுப்பு போகும். ஜனவரியில உதவியாளர் பதவி உயர்வுப் பட்டியல்ல அவன் பேர் இருக்கு, அதுவும் ஆடும். ஆடட்டும். உப்பைத் தின்னவன் தண்ணியைக் குடிச்சுத்தானே ஆகணும்?

ஏன் லேட்டா வர்றான்னா... அவனுக்கு ஒரு கதை இருக்கு. பொண்ணு ஒண்ணு. பதினாலு வயசு. பேச்சு கிடையாது, தானா நடக்காது. பொண்டாட்டியும் இல்லை, அது போய் ரொம்ப வருஷம். அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டி, ஊட்டி, சிறப்புப் பள்ளிக்கூட வேன் ஒம்பதே முக்காலுக்கு வந்ததும் ஏத்திவிட்டுட்டுத்தான் பஸ் ஏறுவானாம். சாயங்காலம் அவன் தங்கச்சி பார்த்துக்கிடுமாம். ஒரு தடவை மனுகூட எழுதிக் கொடுத்தான். பத்தரைக்கு வந்து, அதுக்குப் பதிலா சாயங்காலம் கூடுதலா இருந்துட்டுப் போறேன், அனுமதிக்கணும்னு. நான் ஓரத்துல எழுதினேன்: "விதிகளில் இடமில்லை." விதியில இடமில்லாததுக்கு நான் எங்கே போய் இடம் தேட? அந்தப் பிள்ளையை ஒரு தடவை பார்த்தேன். என் கையில இருந்த இந்தப் பேனாவைக் கேட்டுச்சு, சைகையில... அது இப்ப எதுக்கு. உங்க வேலை எவ்வளவு தூரம்?

திறந்துருச்சா? அப்படித் திருப்புங்க, நானும் பார்க்கிறேன்.

ஆமா, ஆமா, இதான். கோமதிநாயகம்னு பேர், பக்கத்துல அவன் வழுக்கை. இதைப் பாருங்க, இசக்கிமுத்துன்னு போட்டு என் முகம். கண்ணைச் சிமிட்டுறப்ப எடுத்திருக்கான் படுபாவி. என்னமோ திருடன் மாதிரி இருக்கேன்.

இது என்ன, பக்கத்துல இன்னொரு கட்டம்? வெளியேறிய நேரமா? மாசா மாசம் வர்ற சுருக்கத்துல காலை மட்டும்தானே இருக்கும்? ஓ, முழுப் பதிவுன்னா ரெண்டும் வருமா. வரட்டும், வரட்டும். படிங்க. கோமதிநாயகம், ஏழு பத்து. ஏழு அஞ்சு. ஆறு அம்பத்தஞ்சு. ஏழு இருபது. பார்த்தீங்களா தம்பி! ஆபீஸ் அஞ்சே முக்காலுக்கு முடியுது, ஏழு மணி வரைக்கும் இருந்திருக்கேன். என் பேருக்கு நேரா அந்த ஏழைப் பார்க்கவே நல்லா இருக்கு.

என்ன? அது நான் இல்லையா?

ஆமா... அது அவன்ல.

அப்ப அவன் பேருக்கு நேரா இருக்கிறது... ஏன் சத்தமாப் படிக்கிறீங்க, டைப்பிஸ்ட் ஜெபமலர் அடிக்கிறதை நிறுத்திட்டுப் பார்க்குது பாருங்க. மூணு நாப்பத்திரண்டு. மூணு நாப்பத்தொண்ணு. மூணு நாப்பத்திரண்டு. மூணு நாப்பத்திமூணு. சரி, போதும். இருபது நாளும் படிக்க வேண்டாம். பஸ் அப்படித்தான் வரும்.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? நான் என்ன ஒளிஞ்சா போனேன்? போகும்போதும் முகத்தைக் காட்டணும்னு உத்தரவு வந்துச்சு, காட்டினேன். அதுவும் "நன்றி"ன்னு சொல்லுச்சு. இந்த ஊருக்கே தெரியும், கோமதிநாயகம் மூணு அம்பது பஸ்ஸுல போவார்னு. டீக்கடைக்காரன் என்னைப் பார்த்துத்தான் ரெண்டாவது பாலை அடுப்புல ஏத்துவான். தம்பி, ஒழுக்கம்னா வர்றதுலதான் இருக்கு. எந்தப் பதிவேட்டுலயாவது சாயங்காலக் கையெழுத்துக்கு எவனாவது கோடு போட்டுப் பார்த்திருக்கீங்களா? முப்பத்தொரு வருஷத்துல எந்த ஆபீசரும் கேட்டதில்லை. கேட்கவும் தேவையில்லை. நாலு மணிக்கு மேல இந்த ஆபீஸ்ல ஈ காக்கா இருக்காது. நான் பார்த்ததே இல்லை!

ஒண்ணு செய்யுங்க. காலைக் கட்டத்தை மட்டும் மாத்திருங்க. சாயங்காலம் இருக்கிற மாதிரியே இருக்கட்டும்.

முடியாதா? ஏன் முடியாது? நிலாவுக்கு ராக்கெட் விடுறீங்க, ஒரு கட்டத்தை மாத்த முடியாதா?

என்ன சொன்னீங்க? "ஒரு முகத்தைக் காலையில ஒருத்தர்கிட்டயும் சாயங்காலம் இன்னொருத்தர்கிட்டயும் வைக்க முடியாது சார்." நல்லாப் பேசுறீங்க. படிச்ச பிள்ளைல்ல.

அப்ப விட்டுருங்க. ஒண்ணையும் மாத்த வேண்டாம், பெட்டியைக் கட்டுங்க... இருங்க, இருங்க. விட்டா மெமோ நிக்குமே. பத்தொம்பது நாள் லேட்டுன்னு நிக்குமே. மாத்தினா காலையில யோக்கியன், சாயங்காலம் ஓடுகாலி. மாத்தலைன்னா காலையில ஓடுகாலி, சாயங்காலம் உழைப்பாளி. இது என்ன நியாயம்? ஒரு மனுஷன் பாதி யோக்கியனா இருக்கக் கூடாதா?

மணி என்ன? மூணு நாப்பத்தெட்டா! பேசிக்கிட்டே இருந்துட்டேன். சரி, போனா பிடிச்சிருவேன், அவன் எனக்காக ஒரு நிமிஷம் நிறுத்துவான்...

இல்லை. போகலை. இப்ப அந்த மெஷின் முன்னாடி போய் எந்த முகத்தைக் காட்ட? போகட்டும் பஸ். ஹாரன் அடிக்கிறான் கேட்டீங்களா, எனக்குத்தான். போடா, போ.

*

தம்பி, அந்த ஸ்டூலை விட்டுட்டு இப்படி ஃபேனுக்கு அடியில வாங்க. உங்க சர்வர் இன்னும் சுத்துதா? சுத்தட்டும். ஜெபமலர் கிளம்பிருச்சு, அது பேறுகாலம் முடிஞ்சு வந்த பிள்ளை, அனுமதி வாங்கிட்டுப் போகுது. மழை வேற கட்டிக்கிட்டு நிக்குது. கட்டடம் வெள்ளைக்காரன் கட்டினது, ஜன்னல் ஒவ்வொண்ணும் கோயில் கதவு மாதிரி, பகல்ல விளக்கே வேண்டியதில்லை. அப்படியும் அஞ்சே காலுக்கே இருட்டுது பாருங்க.

மச்சுல கேக்குற சத்தமா? இசக்கிமுத்துதான், ஏணியை இழுக்கிறான். பழைய அளவுப் புத்தகம் எல்லாம் மேலதான் இருக்கு. தூசி. இருமுறான் பாருங்க.

யாரு அது வாசல்ல? என்ன தம்பி, ஆறேழு பொம்பளைங்க கும்பலா வர்றாங்க? இந்த நேரத்துல இவங்களுக்கு இங்கே என்ன வேலை? ஏம்மா, யாரும்மா நீங்க? தீப்பெட்டி ஆபீசா? அஞ்சு மணிக்கு விட்டாங்களா? அதுக்கு? பட்டா புலப்படமா? அதெல்லாம் பகல்ல வரணும்.

என்னது?

என்னம்மா கேட்டே? திருப்பிச் சொல்லு!

கேட்டீங்களா தம்பி? "அய்யா புதுசா மாறுதலாகி வந்திருக்கீங்களா"ன்னு கேக்குது! கேக்குறதைக் கேட்டீங்களா? "எங்களுக்கு இசக்கி அண்ணாச்சியத் தெரியும், அவருதான் சாயங்காலம் வரச் சொன்னாரு, பகல்ல வந்தா கூலி போயிரும்ல"ங்குது. என்னை, என்னைப் பார்த்து! இந்த நாற்காலியில மரம் தேஞ்சு வழுக்கல் விழுந்திருக்கு பாருங்க, அது என் முதுகு போட்ட வழுக்கல். அதுக்குள்ள இன்னொருத்தி சொல்லுறா, "புதுசுன்னா பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியாதுடி, அண்ணாச்சி இறங்கி வரட்டும், நாம உக்காருவோம்"னு. பாவமாம்!

உக்காரட்டும். எனக்கென்ன.

அவன்கிட்ட நான் கோபமா இருக்கேன் தம்பி. இறங்கி வரட்டும், கேக்குறேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க! பன்னெண்டு வருஷம் நான் கோடு போட்டப்ப, "அய்யா, சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் நான் இருக்கேன்"னு ஒரு தடவை எதிர்த்துச் சொல்லியிருக்கலாம்ல? மனு எழுதினான், அது வேற. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல? "சரிய்யா"ன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டு மச்சுக்கு ஏறிப் போயிருவான். அது என்ன திமிரு?

கடிதமா? இருக்கு, இந்தா. நான் முழுசா எங்கே படிச்சேன், கையெழுத்து இருக்கான்னு பார்த்து மடிச்சு வச்சுட்டேன். நீங்களே படிங்க, எனக்கு இந்த வெளிச்சத்துல கண்ணு தெரியலை.

"கண்காணிப்பாளர் அய்யா அவர்கள் தனது பணிக்காலத்தில் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை என்பதை இந்த அலுவலகம் முழுதும் அறியும். இயந்திரத்தில் அவர் பெயரில் பதிவான தாமதம் அனைத்தும் என்னுடையதே. அவர் எந்தக் குறையும் இன்றிப் பணிநிறைவு பெற வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

அவ்வளவுதானா? பின்பக்கம் திருப்பிப் பாருங்க. ஒண்ணும் இல்லையா? சாயங்காலத்தைப் பத்தி ஒரு வரி?

தெரியாம எழுதாம விட்டிருப்பானா? என்ன தம்பி பேசுறீங்க. நான் பையை எடுத்ததும் வந்து என் ஃபேனை அணைக்கிறவனே அவன்தான். "போயிட்டு வாங்கய்யா"ன்னு அவன் சொல்லாம நான் ஒரு நாளும் போனதில்லை.

ச்சே.

மழை வந்துருச்சு. அந்த ஜன்னலை மட்டும் இழுத்துச் சாத்துங்க, சாரல் மெஷின் மேல அடிக்குது. அடிச்சா என்ன, அடிக்கட்டும்.

தம்பி, உங்க சர்வர் நின்னுச்சா? நின்னுருச்சுன்னா மாத்திருங்க. ஆமா, ரெண்டு கட்டத்தையும்தான். யோசிச்சுத்தான் சொல்லுறேன். காலையில ஒம்பது அம்பதுக்கு வந்தவன் நான். வெள்ளத்துல வந்தவன் நான். அதை அவன் பேர்ல எழுதி வச்சுட்டு நான் வீட்டுக்குப் போகணுமா? எவன் அப்பன் வீட்டுச் சொத்து அது? என் காலையை நான் எவனுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அது கூட அந்த மூணு நாப்பத்திரண்டும் ஒட்டிக்கிட்டு வருதா, வரட்டும். அந்த அம்மா பார்க்கட்டும். இன்னொரு மெமோ எழுதட்டும். எழுதத் தெரியலைன்னா நானே வாசகம் சொல்லித் தர்றேன். சால்வை போடலைன்னா போகட்டும், எனக்கு என்ன குளிருதா?

பிரிண்ட் எடுக்கிறப்ப ஒண்ணு செய்யுங்க. அவன் தாளை மேல வைங்க. பதவி வரிசை கிடக்கட்டும், அவன் தாள்தான் மேல. அந்த அம்மா ஆறு மணிக்கு வந்து காலைக் கட்டத்தை மட்டும் பார்த்துட்டு மூடிறப் போறாங்க, இவங்க எல்லாரும் அப்படித்தான். ஏழு பத்து, ஏழு இருபதுன்னு இருக்குல்ல, அந்தக் கட்டம் முழுக்க அடிக்கோடு போட்டுக் காட்டுங்க. இந்தாங்க பேனா. சிவப்புதான், வேற பேனா என்கிட்ட இல்லை. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிறாதீங்க.

கோடு கோணலா போகுதா? வெளிச்சம் பத்தலைன்னா விளக்கைப் போட வேண்டியதுதானே. இருங்க, நான் போடுறேன். இந்தப் பக்கம்... இது ஃபேன். இது மணி. அந்தத் தூணுல இருக்குமோ? இது என்ன, வெறும் பலகை. இல்லை, இந்தப் பீரோவுக்குப் பின்னால... காந்தி படம் இடிக்குது.

ஏம்மா, நீங்களாவது சொல்லுங்க, இந்த ஆபீஸ்ல விளக்கு சுவிட்ச் எங்கே இருக்கு?